தாத்தாவோட ஃபியட்டும் ஒரு துண்டு ஹைலம் ஷீட்டும்

கொற்கையில எங்க தாத்தா வீட்டுத் தொழுவத்துல மாடு கிடையாது. கார்தான் நிக்குது. 1975 மாடல் பிரீமியர் பத்மினி. ஆர்.சி. புத்தகத்துல பத்மினின்னுதான் இருக்கு. ஆனா ஊர்ல யாரும் அப்படிச் சொன்னதில்லை. எல்லாருக்கும் அது 'ஃபியட்டு'.

ஊர் சொல்றது தப்பில்லை. 1953-ல் ஜெனீவா கண்காட்சியில் இத்தாலியின் ஃபியட் கம்பெனி காட்டிய 1100 வண்டியின் வாரிசுதான் இது. 1962-ல் வந்த 1100 டி மாடலை, 1964-ல் இருந்து மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரிச்சாங்க. 1974-ல் பத்மினின்னு பேர் வந்தது. இத்தாலியில் 1966-லேயே அடுத்த மாடல் வந்துட்டது. இங்க 2000 வாக்கு வரைக்கும் அதே வண்டி வந்துக்கிட்டே இருந்தது. பிறந்த ஊர்ல நாலு வருஷம், நம்ம ஊர்ல முப்பது வருஷத்துக்கு மேல!

நான் படிச்சது முழுக்க இங்கிலீஷ் மீடியம். காலேஜ்ல மெக்கானிக்கல். எனவே இந்தக் கார் பத்தி எனக்கு எல்லாம் தெரியும்னு ஒரு நினைப்பு. போர் 68 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 75, நாலு சிலிண்டர். கணக்குப் போட்டா 1089 சிசி. ஸ்டியரிங் பக்கத்துல கியர், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், பின்னாடி கமான் பட்டை. சிலபஸ்ல வர்ற எல்லாமே ஒரே வண்டியில கண்ணுக்குத் தெரியும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகள் நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு மறக்காது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஊருக்குள்ள வந்துட்டது. தொழுவத்துல காரோட சீட் மூழ்கற அளவுக்குத் தண்ணி. வடிஞ்சதும் ஏரல்ல இருந்து மெக்கானிக் அண்ணாச்சி வந்தாங்க. வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "யாரும் செல்ஃப் அடிச்சிராதீங்க!"

அது ஏன்னு எனக்குத் தெரியும். காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. சிலிண்டர்ல தண்ணி இருக்கும்போது என்ஜினைச் சுத்தினா கனெக்டிங் ராடு வளைஞ்சிரும். அண்ணாச்சி நாலு பிளக்கையும் கழட்டி, என்ஜினைக் கையால சுத்தித் தண்ணியை வெளியேத்தி, ஆயிலை வடிச்சு, திரும்பத் திரும்பப் புது ஆயில் ஊத்தி வடிச்சாங்க. என்ஜின் பிழைச்சது. மத்ததெல்லாம் சேறு.

மிச்ச வேலையை 2025 மே லீவுல நான் எடுத்துக்கிட்டேன். அண்ணாச்சிக்கு அப்போ கண் ஆபரேஷன். "பத்து நாள் பொறு தம்பி"ன்னாங்க. எனக்குப் பொறுமை இல்லை. பார்ட்ஸ் கேட்டலாக் ஸ்கேன் ஒண்ணு கிடைச்சிருந்தது. அதை போன்ல வச்சுக்கிட்டு டெல்கோ, கார்பரேட்டர் எல்லாத்தையும் கழட்டினேன். ஒரு போட்டோ எடுக்கலை, ஒரு வரி எழுதலை. போல்ட்டெல்லாம் ஒரே பெயின்ட் டப்பாவுல.

கார்பரேட்டருக்கு அடியில கேஸ்கெட்டோட ஒரு தடிச்ச பழுப்புத் தகடு இருந்தது. கையால அறுத்த ஓரம். பார்த்தா, ஸ்விட்ச் போர்டுக்குப் போடுற ஹைலம் ஷீட்! கேட்டலாக் படத்துல அது இல்லை. யாரோ கைக்குக் கிடைச்சதை வச்சு ஒப்பேத்தியிருக்காங்கன்னு சிரிச்சுக்கிட்டே குப்பையில போட்டேன். புது கேஸ்கெட் மட்டும் வச்சு முடுக்கினேன். ஸ்டட் மட்டும் தேவைக்கு மேல நீளமா நீட்டிக்கிட்டு நின்னுது. ஏன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கணும். யோசிக்கலை.

வண்டி ஸ்டார்ட் ஆச்சு. தாத்தாவுக்கு எண்பத்து மூணு வயசு. "திருச்செந்தூர் வரைக்கும் போய்ட்டு வந்துருவோமாலே?"ன்னாங்க. அந்த வண்டியில ஆச்சியைக் கடைசியா கூட்டிட்டுப் போனது அங்கதான். காலையில கிளம்பினோம், ஒரு குறையும் இல்லை. சாமி கும்பிட்டுத் திரும்பும்போது ஆத்தூர்ல டீக்கு நிறுத்தினேன். நடு மதியம். டீ குடிச்சிட்டு வந்து சாவியைத் திருப்பினா, செல்ஃப் சுத்துது, என்ஜின் பிடிக்கலை. பேட்டரி இறங்கற வரைக்கும் அடிச்சேன். கடைசியில தாத்தாவை பஸ்ல ஏத்தி, நின்னுக்கிட்டே கூட்டிட்டு வந்தேன். வழி முழுக்க அவங்க ஒண்ணும் சொல்லலை. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை.

மறுநாள் அண்ணாச்சி கறுப்புக் கண்ணாடியோட கேட்டாங்க: "கார்பரேட்டருக்குக் கீழ ஒரு தகடு கிடந்துச்சே, எங்கடே?"

வண்டி ஓடும்போது ஃபேன் காத்து இருக்கு, புது பெட்ரோலும் வந்துக்கிட்டே இருக்கு. நிறுத்தினதும் ரெண்டும் நின்னுரும். என்ஜின் சூடு மேல ஏறி, கார்பரேட்டர்ல தேங்கின பெட்ரோல் கொதிக்கும். அது உள்ள வழிஞ்சு, என்ஜின் பிடிக்காது. இத்தாலிக் குளிருக்குப் போட்ட வண்டிக்கு நம்ம மே மாசம் தெரியாது. அதுக்குத்தான் அண்ணாச்சி பல வருஷத்துக்கு முன்னால ஹைலம் தகடு அறுத்து வச்சு, அதுக்கேத்த நீள ஸ்டட்டும் போட்டிருந்தாங்க. ஹைலம் சூட்டைக் கடத்தாது. நான் ஹீட் டிரான்ஸ்ஃபர்ல நல்ல மார்க் வாங்கினவன். அந்தத் தகட்டைக் குப்பையில போட்டதும் நான்தான்.

அன்னைக்கு ராத்திரி ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்தது. 2021-ல் எங்க ஊர்ல தொல்லியல் துறை தோண்டினப்போ வேடிக்கை பார்க்கப் போவேன். ஒவ்வொரு பானை ஓட்டையும் பையில போட்டு, எந்தக் குழி, எத்தனை ஆழம், என்ன தேதின்னு சீட்டு எழுதுவாங்க. உடைஞ்ச ஓட்டுக்கு எதுக்கு இவ்வளவுன்னு தோணும். எந்த ஆழத்துல கிடைச்சதுன்னு எழுதலைன்னா, அதுல இருந்து காலத்தைச் சொல்ல முடியாது. வெறும் ஓடுதான். நான் காரைத் தோண்டினேன், சீட்டு எழுதலை.

ஃபியட்டோட பழைய வரைபடங்களை டூரின் நகரத்துல அவங்க ஆவணக் காப்பகத்துல பத்திரமா வச்சிருக்காங்க. ஆத்தூர் வெயிலுக்கு என்ன செய்யணும்னு அந்த வரைபடம் சொல்லாது. அது அண்ணாச்சி தலையில மட்டும் இருக்கு. அவங்களுக்கு வயசு எழுபது தாண்டிட்டது. பட்டறையை எடுத்து நடத்த ஆள் இல்லை. மும்பையில கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபர்ல ரோட்டை விட்டு இறங்கினப்போ எல்லாரும் போட்டோ எடுத்தாங்க. அந்த வண்டிகளை ஓட வச்ச மெக்கானிக்குகளோட நோட்டை யார் எடுத்தாங்க?

இன்னொரு சிக்கலும் இருக்கு. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி ஐம்பது வருஷம் தாண்டின வண்டியை 'வின்டேஜ்'னு பதியலாம். நம்பர்ல 'விஏ'ன்னு வரும். ஆனா வண்டி ஒரிஜினல் நிலையில இருக்கணும். எங்க வண்டிக்கு ஐம்பது ஆயிட்டது. அப்போ ஹைலம் தகடு ஒரிஜினலா, இல்லையா? டூரினைக் கேட்டா இல்லை. தாத்தாவைக் கேட்டா, அது இல்லாம எந்தக் காலத்துல வண்டி வீடு வந்து சேர்ந்துச்சுன்னு கேப்பாங்க. பதிவு பண்றதா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணலை.

ஆனா நோட்டுப் போட்டுட்டேன். சனிக்கிழமை ஊருக்குப் போனா பட்டறையில உக்காந்து எழுதுறேன். ஒரு பக்கம் கேட்டலாக் என்ன சொல்லுது, எதிர்ப் பக்கம் அண்ணாச்சி என்ன செஞ்சாங்க, ஏன் செஞ்சாங்க. அவங்க சொல்ற வார்த்தையிலேயே. டிஸ்ட்ரிப்யூட்டர்னு எழுதினேன், "டெல்கோன்னு போடு, அப்பதான் பட்டறையில எவனுக்கும் புரியும்"னாங்க. இதுவரைக்கும் நாற்பத்தொரு பக்கம். உங்க வீட்டுத் தொழுவத்துலயோ தெருமுனைப் பட்டறையிலயோ இப்படி ஒரு வண்டி இருந்தா, ஸ்பேனரைத் தொடுறதுக்கு முன்னால பேனாவை எடுங்க.

புதுத் தகட்டை நானே அறுத்தேன், அண்ணாச்சி பக்கத்துல இருந்து அளவு சொன்னாங்க. அடுத்த வாரம் தாத்தாவோட ஆத்தூர் போனேன். அதே கடை, அதே மதியம். டீ குடிச்சு முடிச்சும் தாத்தா எழுந்திரிக்கலை.

"இன்னும் கொஞ்சம் நிக்கட்டும்லே. நல்லா சூடு ஏறட்டும், பாப்போம்."

கால் மணி நேரம் கழிச்சு சாவியைத் திருப்பினேன். ஒரே அடியில பிடிச்சது.