இமயம் போக ஒரு சீட்டு

எழுபத்தொரு வயது வரை என் பாட்டி ஏறியிருந்த மலை ஒன்றே ஒன்றுதான். அது நம் பரங்கிமலை. உயரம் சுமார் 300 அடி. ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் கட்டுவித்த அந்தப் படிகளில், சிறு வயதில் தம் தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு, செபமாலை சொல்லியபடியே ஏறினாராம். ஆனால் பாட்டியின் மனத்தில் இருந்த மலை வேறு. பாட்டியும் கன்னியர் நடத்திய பள்ளியில் படித்தவர்தான். எட்டாம் வகுப்பில் பூகோளம் எடுத்த சிஸ்டர் களிமண்ணால் இமயமலையைச் செய்து, உச்சியில் சுண்ணாம்பைத் தடவி, "இதுதான் பனி" என்று காட்டினாராம். "அந்தச் சுண்ணாம்பு நெசத்தில எப்படி இருக்கும்னு ஒருதரம் பார்த்துடணும்" என்று பாட்டி சொல்லாத வருடமே இல்லை.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அப்பா, "இந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எல்லாரும் நேபாளம் போகலாம்" என்றார். பாட்டி கையில் எடுத்த கவளத்தை அப்படியே தட்டில் வைத்துவிட்டார். அப்பா என்னைப் பார்த்து, "நீ பதினோராம் வகுப்புக்கு வந்துட்டே. எப்போ போகணும், எப்படிப் போகணும், என்ன காகிதம் வேணும், எல்லாம் நீயே பார்த்து எழுதிக் கொடு" என்றார். எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது. அன்றே புது நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் 'இமயப் பயணம்' என்று சிவப்பு மையால் எழுதி அடிக்கோடிட்டேன்.

முதல் கேள்வி, எந்த மாதம் என்பது. கோடை விடுமுறையில் போகலாமே என்று தம்பி கேட்டான். ஆனால் மே மாதத்தில் அங்கே புழுதியும் புகையும் கலந்த மூட்டம் மலைகளை மறைத்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. மழை ஓய்ந்த பிறகு, குளிர்காலத்தில்தான் பனிச்சிகரங்கள் தெளிவாகத் தெரியும். ஆகவே டிசம்பர். அதிலும் ஒரு சங்கடம் இருந்தது. சென்னையிலிருந்து டெல்லி போய் அங்கே வேறு விமானம் ஏறவேண்டும். டிசம்பர்க் கடைசியில் டெல்லியைக் காலை மூடுபனி சூழ்ந்துகொள்ளும். விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். எனவே 27-ஆம் தேதி மாலை டெல்லி போய், இரவு தங்கி, மறுநாள் நண்பகல் விமானத்தில் காட்மாண்டு போவது என்று திட்டமிட்டேன். டெல்லியிலிருந்து கிழக்கே பறக்கும்போது இமயம் வடக்கில், அதாவது இடப்பக்கத்தில் இருக்கும். ஆகவே போகும்போது இடப்பக்கத்துச் சன்னல், திரும்பும்போது வலப்பக்கத்துச் சன்னல் என்று குறித்துக்கொண்டேன். இதைக் கண்டுபிடித்த அன்று நானே எவரெஸ்ட் ஏறியதுபோல இருந்தது!

இரண்டாவது கேள்வி, அந்த நாட்டுக்குள் நுழைவது எப்படி என்பது. இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா வேண்டாம். 1950-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி இரு நாடுகளும் செய்துகொண்ட சமாதான, நட்புறவு உடன்படிக்கையே இதற்கு ஆதாரம். ஒரு நாட்டவர் மறு நாட்டில் வசிக்கவும், தொழில் செய்யவும், நடமாடவும் அதில் இடம் உண்டு. விசா இல்லை என்பதால் காகிதமே வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. விமானத்தில் போகிறவர், தாம் யார் என்று காட்டியே ஆகவேண்டும்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். அப்பாவிடம் பாஸ்போர்ட் இருந்தது. அம்மாவுக்கு அது இல்லை; வாக்காளர் அடையாள அட்டை போதும் என்று விதி. பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களும் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களும் ஆதார் அட்டையைக் காட்டலாம். ஆகவே தம்பிக்கும் பாட்டிக்கும் கவலை இல்லை. மிஞ்சியவள் நான். எனக்கு வயது பதினாறு. ஆதார் செல்லாது, வாக்குரிமை வரவில்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. பதினைந்திலிருந்து பதினெட்டு வயது வரை உள்ள மாணவர்களுக்குப் பள்ளித் தலைவர், அதற்கென்று குறித்த படிவத்தில், 'இவர் எங்கள் மாணவர்' என்று சான்று கொடுத்தால் போதும் என்று விதியில் கண்டேன். பெரிய அதிகாரிகள் கொடுக்கும் பாஸ்போர்ட்டுக்கு நிகராக நம் சிஸ்டரின் கையெழுத்து!

செப்டம்பரில், அப்பாவின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஐந்து பேருக்கும் நானே டிக்கெட் எடுத்தேன். "சரிபார்த்தியா?" என்று அப்பா கேட்டார். "பார்த்துட்டேன்ப்பா" என்றேன். உண்மையில் தேதியையும் சன்னலையும்தான் பார்த்திருந்தேன்.

காத்திருந்த நாட்களில் நேபாளத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1628-ல் யோவான் கப்ரால் என்னும் போர்த்துகீசிய சேசு சபைக் குருவானவர், திபெத்திலிருந்து கால்நடையாக நேபாளத்தின் வழியே வங்காளத்துக்கு இறங்கி வந்தாராம். அந்நாட்டைக் கண்ட முதல் ஐரோப்பியர் அவரே என்கிறார்கள். பிற்காலத்தில், ராணாக்களின் ஆட்சி நடந்தபோது வெளிநாட்டார் எளிதில் நுழைய முடியாது. அவ்வாட்சி முடிந்த 1951-ஆம் ஆண்டிலேயே மார்ஷல் மோரன் என்ற அமெரிக்க சேசு சபைக் குருவானவர் காட்மாண்டு அருகே கோதாவரியில் சவேரியார் பெயரால் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். நம்மைப் போன்ற பிள்ளைகள் அங்கேயும் சீருடை போட்டுக்கொண்டு மணி அடித்ததும் ஓடுகிறார்கள் என்று எண்ணியபோது அந்நாடு சற்றுக் கிட்டே வந்தது போலிருந்தது.

நவம்பர் மாதம், தட்டெழுத்தில் நிரப்பிய படிவத்தையும் புகைப்படத்தையும் எடுத்துக்கொண்டு தலைமையாசிரியை சிஸ்டரிடம் போனேன். உடனே கையெழுத்திட்டு விடுவார்கள் என்று நினைத்தேன். சிஸ்டரோ மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சேர்க்கைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். என் பெயரை ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார்கள். பிறந்த தேதி, அப்பா பெயர், விலாசம் எல்லாம் பார்த்தார்கள். இனிஷியலில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தது. திருத்திக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்! மறுநாள் போனபோதுதான் கையெழுத்திட்டு, புகைப்படத்தின் ஓரத்தில் பள்ளி முத்திரையைப் பதித்தார்கள்.

"என்னடா, சிஸ்டர் ஒரு புள்ளிக்காக அலைய வைக்கறாங்களேன்னு நினைக்கிறியா?" என்று கேட்டார்கள்.

"இல்லை சிஸ்டர்" என்றேன். அது பொய்.

"உன்னைப் பார்த்திராத ஒருத்தர் என் கையெழுத்தை நம்பி உன்னை அனுப்பப் போறாரும்மா. நான் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டா அது அவரை ஏமாத்தறது இல்லையா?"

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொற்கள் காதில் ஒலித்தன. கச்சேரி சாலையைக் கடக்கும்போது எனக்குச் 'சுருக்'கென்றது. வீட்டுக்கு ஓடி, டிக்கெட்டை எடுத்து, பாட்டியின் ஆதார் அட்டையை அருகில் வைத்துப் பார்த்தேன். கை கால்கள் சில்லிட்டுப் போயின. டிக்கெட்டில் நான் அடித்திருந்தது, வீட்டிலும் தெருவிலும் எல்லாரும் பாட்டியை அழைக்கும் பெயர். அட்டையில் இருந்ததோ ஞானஸ்நானப் பெயர். இரண்டுக்கும் ஓர் எழுத்துக்கூடப் பொருத்தமில்லை. இந்தச் சீட்டோடு போனால் பாட்டியை விமானத்தில் ஏற்றமாட்டார்கள்.

நான் செய்த பெரிய தவறு அதற்குப் பிறகுதான். மூன்று நாட்கள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மூன்று நாட்களும் பாட்டி என்னைச் சுற்றியே வந்தார். தியாகராய நகரில் வாங்கிய கம்பளிச் சட்டையைப் போட்டுக் காட்டினார். "கடைக்காரப் பையன், மெட்ராஸ்ல எதுக்குப் பாட்டி ஸ்வெட்டருன்னு சிரிச்சான். இமயமலைக்குப் போறேன்டான்னேன், வாயை மூடிக்கிட்டான்" என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் இரவு, குடும்பச் செபம் முடிந்து எல்லாரும் எழுந்தபின், பாட்டியின் பாயில் போய் உட்கார்ந்து அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். பாட்டி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் பேரை நானே மறந்துட்டேன். நீ என்ன பண்ணுவே?" என்று என் தலையைத் தடவினார். உடனே குரல் மாறியது. "ஆனா மூணு நாளா மறைச்சியே, அது தப்பு. உங்க அப்பா இன்னும் விளக்கை அணைக்கலே. காலையில சொல்லிக்கலாம்னு வைக்காதே, இப்பவே போ" என்றார்.

அப்பா கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மறுநாள் விமானக் கம்பெனிக்குப் போன் செய்தார். எழுத்துப் பிழை என்றால் திருத்தலாம், பெயரையே மாற்ற முடியாது என்பது விதி. பாட்டியின் டிக்கெட்டை ரத்து செய்து புதிதாக எடுத்ததில் ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல் நஷ்டம். வேளாங்கண்ணிக்குப் போகச் சேர்த்து வைத்திருந்த பணத்தைப் பாட்டி கொண்டுவந்து நீட்டினார், அப்பா வாங்கவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு எனக்குப் புதுச் சுடிதார் வேண்டாம் என்று சொன்னேன். அம்மா மறுத்துப் பேசுவார் என்று உள்ளூர எதிர்பார்த்தேன், அவர் மறுக்கவில்லை! புது டிக்கெட்டையும் என்னையே எடுக்கச் சொன்னார் அப்பா. இம்முறை ஆதார் அட்டையை மேசைமேல் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக உரக்கப் படித்து அடித்தேன். அதற்குள் இடப்பக்கத்துச் சன்னல்கள் எல்லாம் போய்விட்டிருந்தன. பாட்டிக்குக் கிடைத்தது வலப்பக்கத்தில், நடைபாதை ஓரத்து இடம்.

மீதி ஏற்பாடுகளும் ஒவ்வொன்றாக முடிந்தன. நம் நாட்டு நூறு ரூபாய்க்கு மேற்பட்ட நோட்டுகள் அப்போது நேபாளத்தில் செல்லாது என்பதால், அப்பா அடையாற்றில் வங்கிக்குப் போய்க் கட்டுக் கட்டாக நூறு ரூபாய் நோட்டுகள் வாங்கி வந்தார். நம் நூறு ரூபாய் அங்கே நூற்று அறுபது. அங்கே வார விடுமுறை சனிக்கிழமை. ஆகவே சனிக்கிழமையன்று விண்ணேற்பு மாதா கோவிலில் பூசை காண்பது என்று எழுதிக்கொண்டேன். நேபாளக் கடிகாரம் நம்முடையதைவிடக் கால் மணி முன்னால் ஓடும் என்றதும் தம்பி, "கால் மணிக்கு ஒரு நாடா?" என்று வியந்தான்.

சாந்தோம் கோவிலில் நடுச்சாமப் பூசை கண்டு, கிறிஸ்துமஸ் கொண்டாடி, 27-ஆம் தேதி மாலை மீனம்பாக்கத்தில் ஏறினோம். விமானம் மேலே எழும்பியபோது பாட்டி பரங்கிமலை இருக்கும் திசையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

மறுநாள் டெல்லியில் எதிர்பார்த்தபடியே பனிமூட்டம். இரண்டு மணி நேரம் தாமதம். குடிபுகல் அதிகாரி எங்கள் ஐந்து பேரின் காகிதங்களையும் பரப்பி வைத்துப் பார்த்தார். சிஸ்டர் கொடுத்த சான்றிதழைப் படித்து, புகைப்படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, முத்திரையின்மேல் விரலை ஓட்டிவிட்டுத் தலையசைத்தார். அந்த விடுபட்ட புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. பிறகு பாட்டியிடம் பெயர் கேட்டார். பாட்டி நிமிர்ந்து நின்று, தம் ஞானஸ்நானப் பெயரை முழுதாக, தெளிவாகச் சொன்னார். அவர் வாயால் அந்தப் பெயரை நான் கேட்டது அதுவே முதல் தடவை.

விமானத்தில் என் இடப்பக்கத்துச் சன்னல் இடத்தில் பாட்டியை உட்காரவைத்துவிட்டு, அவருடைய இடத்தில் நான் போய் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். இடப்பக்கமிருந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் சன்னல் பக்கம் திரும்பினார்கள். தவுளகிரி, அன்னபூர்ணா என்று யாரோ பெயர் சொன்னார்கள். எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரங்கள்! எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சன்னலோடு ஒட்டியிருந்த பாட்டியின் நரைத்த கொண்டை மட்டும் தெரிந்தது. காட்மாண்டுவில் இறங்கும் வரை அந்தக் கொண்டை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

படியிறங்கும்போது, "எப்படிப் பாட்டி இருந்தது?" என்று கேட்டேன்.

"சுண்ணாம்பேதான்டி. சிஸ்டர் சரியாத்தான் தடவியிருக்காங்க" என்றார்.

இரண்டு நாட்கள் கழித்து நாகர்கோட்டில் விடியற்காலையில் நானும் பனிமலைகளைக் கண்டேன். ஆனால் தோழியரே, இமயம் என்றால் இன்றும் என் கண்முன் முதலில் வருவது அந்த நரைத்த கொண்டைதான். சான்றிதழை நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். எந்தக் காகிதத்தில் என் பெயரை எழுதினாலும், ஒருமுறை விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திடுகிறேன்.