மாடிக் குடித்தனம்

வாடகைக்கு இருப்பவருடைய கஷ்டங்களைக் கேட்க ஊரில் ஆயிரம் பேர் உண்டு. வீட்டுக்காரனுடைய கஷ்டத்தைக் கேட்க அவன் மனைவியைத் தவிர வேறு நாதியில்லை. அந்த அம்மாளும் பாதியிலேயே எழுந்து அடுப்பைக் கவனிக்கப் போய்விடுகிறாள்.

மயிலாப்பூரில் எங்களுக்கு ஒரு சிறு வீடு இருக்கிறது. கீழே நாங்கள், மாடியில் ஒரு குடித்தனம். பென்ஷன் இல்லாத எனக்கு அந்த வாடகைதான் ஜீவனோபாயம். மருந்து, மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒரு முறை செலுத்தும் சொத்துவரி எல்லாம் அதிலிருந்தே நடக்க வேண்டும். ஆகையால் அடியேனை ஒரு ஜமீன்தார் என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம்.

முதல் தேதியன்று மாடியிலிருந்து வாடகை இறங்கி வரும். மற்ற நாட்களிலெல்லாம் புகார் இறங்கி வரும். குழாய் சொட்டுகிறது, மோட்டார் போடவில்லை, சுவரில் ஓதம் காண்கிறது. நானும் சளைத்தவனல்லன். வெள்ளையடித்த மறுநாளே சுவரில் ஆணி அடிக்கும் ஓசை கேட்டால், அது என் மார்பில் இறங்குவதுபோல் இருக்கும், உடனே படியேறிவிடுவேன்.

இந்தத் தகராறு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1946-லேயே சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று இயற்றினார்கள். பின்னர் 1960-ல் வேறொரு சட்டம் வந்தது. இப்போது அமலில் இருப்பது 2017-ல் இயற்றப்பட்டு 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதைப் பதிவு செய்ய வேண்டும். வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிடில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திக் குடியிருப்பவரை வாட்டலாகாது. வெள்ளையடிப்பது வீட்டுக்காரன் பொறுப்பு, குழாய்க்கு வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு என்று பட்டியல்கூடப் போட்டிருக்கிறார்கள். எங்கள் மாடிக் குழாய் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

சென்ற வருஷம் மாடிக்காரருக்கு உத்தியோகம் போயிற்று. இரண்டு மாதம் வாடகை வரவில்லை. அதைவிட விசித்திரம், புகாரும் வரவில்லை. அதே சமயம் தரகர் ஒருவர் வந்து, "மாசம் மூவாயிரம் கூடக் கொடுக்க ஆள் இருக்கிறது, சார்! ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். எனக்கும் பணமுடைதான். யோசித்துச் சொல்வதாக அவரை அனுப்பிவிட்டு, மாடிக்குப் போனேன்.

அங்கே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு வாளி. நிறைந்த தண்ணீரைத் துளசிக்கு ஊற்றி வருகிறார்களாம்.

"ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

"பாக்கி வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு சொல்லுவது, மாமா?" என்றார் அந்த மனிதர். அவருடைய குழந்தை கதவுக்குப் பின்னால் நின்று, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

பத்திரத்தில் வீடு என் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடம் விட்டதும் 'நம் வீடு' என்று அந்தக் குழந்தை ஓடிவருவதும் அதே வீட்டுக்குத்தான். இதற்கு எந்தச் சட்டத்திலும் பட்டியல் இல்லை.

"பாக்கி முன்பணத்தில் கழியட்டும். வேலை கிடைத்ததும் மெதுவாக நேர் செய்துகொள்ளலாம்" என்று சொல்லிவிட்டுக் குழாய்க்காரனுக்கு ஆள் அனுப்பினேன். அந்த மூன்று நான்கு மாதங்கள் எங்கள் வீட்டில் காப்பி ஒரு வேளையாகக் குறைந்தது உண்மை. பிறகு அவருக்கு வேலை கிடைத்தது. பாக்கியும் சிறிது சிறிதாக அடைந்தது.

இப்போது மோட்டார் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று புதுப் புகார் வந்திருக்கிறது. நல்ல சகுனந்தான்!