கவிழ்த்த கூடை

பிரெஞ்சு ஓவியர் மில்லே 1863இல் செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரித்து அச்சிட்ட படம் ‘வேலைக்குப் புறப்படல்’. அதன் பிரதியொன்றை வகுப்பில் காட்டினேன். தோளில் கருவியுடன் இளைஞன். அருகே, கூடையைத் தலையில் கவிழ்த்த பெண்.

“எங்கம்மா கூடைய முதுகுல போடும் ஸேர். இது ஏன் தலையில கவுத்திருக்கு, மழையா?” என்றாள் ஹந்தானை லயத்துப் பிள்ளை.

மில்லே உழவர் வீட்டுப் பிள்ளை. கூடை அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. அந்நாளில் கண்டி மலைகளில் கோப்பி. பறிக்கத் தமிழகத்திலிருந்து படகேறியும் நடந்தும் வந்தவர்களின் முகம், நான் பார்த்த பழைய கண்டிப் படங்களில் இல்லை. மலையும் வாவியும்தான்.

மறுநாள் தாயை வரைந்து வந்தாள். கூடை பெரிது, முகம் சிறிது. மூக்குத்தி மட்டும் அச்சொட்டாக.

உருவப்படம் கூடாதென்பார் வாப்பா. எங்கள் வீட்டில் உம்மாவின் படமில்லை. அன்றிரவு உம்மாவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். கைகள்தான் வந்தன.