தறிக் குடோனில் பிட்காயின்

மக்களே, தலைப்புல பிட்காயினைப் பாத்துட்டு "ஆறே மாசத்துல கோடீஸ்வரன்" வகைப் பதிவுன்னு நினைச்சு வந்திருந்தா அப்படியே அபவுட் டர்ன் அடிச்சுருங்க. இது முழுக்க ஒரு லேன் கேபிள் கதை. நடுவுல கொஞ்சம் அக்காவோட வளையலும் வரும்.

எங்க பெரியம்மா பொண்ணைக் கட்டிக் கொடுத்தது பல்லடம் பக்கம். மாமாவுக்கு கூலிக்கு நெய்யுற விசைத்தறி, மொத்தம் எட்டு. நூல் விலை, கூலிப் பேச்சுவார்த்தை, 2022 ஜனவரியில ஆரம்பிச்ச வேலைநிறுத்தம்னு வரிசையா அடி. ரெண்டு தறியை இரும்பு விலைக்குப் போட்டாச்சு. மீதி ஆறுல பாவு ஓடினா உண்டு, இல்லாட்டி இல்லை. அந்த நேரத்துல யாரோ ஒரு புண்ணியவான், "சும்மா கெடக்கற குடோன்ல மெஷினை வெச்சு விடுங்க, அது பாட்டுக்கு சம்பாதிக்கும்"னு சொல்லியிருக்கான். 2023 ஆனியில ரெண்டு பழைய ஆண்ட்மைனர் எஸ்9 வந்து இறங்கிடுச்சு. பவர் சப்ளையோட சேத்து 50,000 ரூபாய். அக்காவோட வளையல் கூட்டுறவு சங்கத்துக்குப் போன விஷயம் எனக்கு அப்புறமாத்தான் தெரியும்.

ஒண்ணு சொல்லணும், இடத் தேர்வு பிரமாதம். எஸ்9 சத்தம் கேட்டவங்களுக்குத் தெரியும், ரூமுக்குள்ள வாக்குவம் கிளீனரை ஆன் பண்ணிட்டு அணைக்க மறந்த மாதிரி இருக்கும். அபார்ட்மெண்ட்ல வெச்சா செகரட்டரி வீட்டுக்கே வந்துருவார். தறிச் சத்தத்துல வளந்த ஊருக்கு அதெல்லாம் ஒரு சத்தமா? "கொசு ரீங்காரம் மாதிரி இருக்குது மாப்ள"ன்னார் மாமா.

பிரச்சனை வேற. மெஷின் ஓடுது, ஃபேன் சுத்துது, ஆனா பூல் பக்கத்துல பாத்தா ரெண்டுமே வருது, போகுது, வருது, போகுது. பூல்னா தெரியாதவங்களுக்கு: தனியா ஒரு மெஷினை வெச்சு பிளாக் கண்டுபிடிக்கிறது ஆத்துல போட்ட மோதிரத்தைத் தேடற மாதிரி. அதனால ஆயிரக்கணக்கான பேர் ஒண்ணாத் தேடி, கெடைச்சதை உழைப்புக்கு ஏத்த மாதிரி பிரிச்சுக்குவாங்க. பூல் சர்வர் "இதைத் தேடு"ன்னு வேலை அனுப்பும், மெஷின் தேடிட்டு "இந்தா"ன்னு பங்கு அனுப்பும். இந்தப் பேச்சுவார்த்தைக்கு ஸ்ட்ராட்டம்னு பேரு. சாதாரண டிசிபி கனெக்ஷன்ல வரி வரியா ஜேசன். அவ்ளோதான்.

மாமா மூணு வாரம் போராடியிருக்கார். முதல்ல ஊர் கேபிள்காரர் கொடுத்த ஃபைபர் லைன் மேல சந்தேகம். பிளானை 40 எம்பிபிஎஸ்லேருந்து 150-க்கு ஏத்தியாச்சு. அப்புறம் ரவுட்டர் மாத்தியாச்சு. அப்புறம் வீட்டுலேருந்து குடோனுக்கு தென்னை மரம் வழியாப் போற 60 மீட்டர் கேபிளையும் புதுசாப் போட்டாச்சு. "ஒத்த மெஷின் போட்டா நல்லா ஓடுது மாப்ள, ரெண்டாவதைப் போட்டா லைன் லோடு தாங்க மாட்டேங்குது." இதான் போன்ல அவர் சொன்ன கடைசி ரிப்போர்ட்.

லோடு! எனக்கு அங்கேயே பொறி தட்டுச்சு. மைனிங்குக்கு வேகமான நெட் வேணும்கிறது பெரிய மூடநம்பிக்கை. கணக்கு போடறதெல்லாம் மெஷினுக்குள்ள நடக்குது. வெளிய போய் வர்றது வெறும் துண்டுச் சீட்டு. ஒரு நாள் முழுக்க ஓடினாலும் ஏதோ பத்து இருபது எம்பி, நம்ம பெரியப்பாக்கள் காலங்காத்தால அனுப்பற குட்மார்னிங் வீடியோ ரெண்டு மூணுக்குச் சமம். வேகம் முக்கியமில்லை, விட்டுப் போகாம இருக்கறதுதான் முக்கியம். அப்போ ஒத்தையா ஓடற மெஷின் ஜோடி சேந்தா மட்டும் ஏன் விழணும்?

ஆடி மொத சனிக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டேன். காத்துன்னா காத்து, பஸ் ஸ்டாண்டுலேருந்து வீடு போறதுக்குள்ள கண்ணு பூரா மண்ணு.

இந்த மாதிரி கேஸ்ல கீழேருந்து மேல ஏறணும்கிறது என் கட்சி. முதல்ல லைட். குடோன்ல ஒரு அஞ்சு போர்ட் சுவிட்ச், அதுல ரெண்டு மெஷினும், வீட்டுலேருந்து வர்ற கேபிளும். மூணு லைட்டும் பச்சை. கேபிள் ஓகே. இந்த மெஷின் 100 எம்பிபிஎஸ்ல பேசறதால எட்டு கம்பில நாலு கம்பி நல்லா இருந்தாலே போதும், நூறு மீட்டர் வரைக்கும் தாங்கும். அடுத்து, ஐபி வாங்கியிருக்கா? ரவுட்டர் லிஸ்ட்ல 192.168.1.14-னு ஒரு மைனர் இருக்கு. அதுக்குப் பிங் அடிச்சேன். பத்து நிமிஷம் ஓடுச்சு, ஒரு பாக்கெட் கூடத் தொலையலை. வெளிய 8.8.8.8-க்கும் பிங் சுத்தம். பூலோட பேரு ஐபியா மாறுது, டிஎன்எஸ் ஓகே. 3333 போர்ட் லேப்டாப்லேருந்து திறக்குது, லைன்காரர் அடைக்கலை. எல்லாமே ஓகே. ஆனா மெஷின் லாக்ல மட்டும் நிமிஷத்துக்கு ஒரு தடவை கனெக்ஷன் அறுந்துச்சுன்னு புலம்பல்.

"எல்லாம் சரியா இருக்குன்னா பொறகு எதுக்குங் விழுகுது?"ன்னு அக்கா கேட்டுச்சு. டீ டம்ளரோட நின்னுட்டிருந்த அக்காவோட கை வெறுங்கையா இருந்ததை அப்போதான் பாத்தேன். கண்ணாடி வளையல் மட்டும்.

மைனரோட வெப் பக்கத்தைத் திறந்து வெச்சுட்டு சும்மா ரெஃப்ரெஷ் பண்ணிட்டிருந்தேன். எவ்வளவு நேரமா ஓடுதுன்னு ஒரு இடத்துல காட்டும். 2 மணி 10 நிமிஷம்னு இருந்துச்சு. ரெஃப்ரெஷ். 41 நிமிஷம். இன்னொரு ரெஃப்ரெஷ். 2 மணி 11 நிமிஷம். நேரம் எந்த ஊர்லயாவது பின்னாடி போய் முன்னாடி வருமா? சிப் சூடு கூட ஒரு தடவை 71, ஒரு தடவை 78. நான் பாத்துட்டு இருந்தது ஒரு மெஷினை இல்லை. ஒரே ஐபில ரெண்டு மெஷின் மாத்தி மாத்தி முகம் காட்டுது.

அதான், ரவுட்டர் லிஸ்ட்ல ரெண்டு மைனர் இருக்கணுமே, ஒண்ணுதானே இருந்துச்சு!

ஒரு மெஷினை அணைச்சுட்டு, லேப்டாப்ல ஆர்ப் கட்டளை போட்டு இன்னொண்ணோட மேக் முகவரியைக் குறிச்சேன். மாத்தி அணைச்சு மறுபடி குறிச்சேன். பன்னெண்டு எழுத்தும் அச்சு அசல் அதே.

மேக் முகவரிங்கிறது ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் தனித்தனியா இருக்க வேண்டிய 48 பிட் எண். முன்பாதி தயாரிப்பாளருக்கு ஐஇஇஇ அமைப்பு ஒதுக்கறது, பின்பாதி அவங்களே வரிசையாப் போடறது. ஃபேக்டரிலேருந்து புதுசா வந்தா இந்தக் கூத்து வராது. பழைய மெஷினை வாங்கி விக்கிற ஆளு என்ன பண்றான்னா, ஒரு மெஷினோட மென்பொருளை அப்படியே எஸ்டி கார்டுல காப்பி அடிச்சு எல்லாத்துலயும் ஏத்திடறான். கூடவே மேக் முகவரியும் காப்பி ஆயிடுது. தனித்தனி வீட்டுக்குப் போனா யாருக்கும் தெரியாது. ஒரே வீட்டுக்கு ரெண்டு வந்தாத்தான் வினை.

இதுல அழகான விஷயம் ஒண்ணு இருக்கு (அழகுன்னு எனக்குத் தோணுது, மாமாவுக்குத் தோணலை). ரெண்டுக்கும் ஐபி ஒண்ணு, மேக்கும் ஒண்ணு. அதனால "ஐபி மோதுது"ன்னு எந்த எச்சரிக்கையும் வராது, மோதறது வேற ஆளுன்னு தெரிஞ்சாத்தானே கத்தும்? சுவிட்ச் பாவம், கடைசியா எந்த போர்ட்லேருந்து அந்த முகவரி பேசுச்சோ அங்கதான் ஆளு இருக்காருன்னு நம்பும். பிங்குக்கு ரெண்டுல எந்த மெஷின் பதில் சொன்னாலும் கணக்குல ஒண்ணுதான், அதான் பிங் சுத்தமா இருந்துச்சு. ஆனா ஸ்ட்ராட்டத்துல சர்வர் கேக்காமலேயே திடீர்னு புது வேலை அனுப்பும். அந்த நேரம் கடைசியாப் பேசினது ரெண்டாவது மெஷினா இருந்தா தபால் அங்க போயிரும். அது பிரிச்சுப் பாத்துட்டு "இந்தக் கனெக்ஷன் எனக்குத் தெரியாதே"ன்னு ஒரு ரீசெட் அனுப்பும். சர்வர் அதை நம்பி முதல் மெஷினோட கணக்கை மூடிரும். அப்புறம் இது அதுக்குச் செய்யும். ரெண்டும் சேந்து மூணு வாரமா ஒண்ணோட கழுத்தை ஒண்ணு நெரிச்சிட்டு இருந்துச்சுங்க.

வைத்தியம் சின்னதுதான். ஒரு மெஷினுக்குள்ள எஸ்எஸ்ஹெச்ல போய், துவக்க ஸ்கிரிப்ட்ல நெட்வொர்க் எழறதுக்கு முன்னாடி புது மேக் முகவரி போடற ஒரு வரி. இஷ்டத்துக்கு எண் போடக்கூடாது, 02-ல ஆரம்பிச்சா அது உள்ளூர்ல நாமே வெச்சுக்கற முகவரின்னு அர்த்தம், எந்தக் கம்பெனியோடவும் மோதாது. ரீஸ்டார்ட். ரவுட்டர்ல .14, .15-னு ரெண்டு பேர் வந்தாங்க. ரெண்டையும் நிலையா ஒதுக்கியாச்சு. ராத்திரி பத்து மணிக்குப் படுத்தவன் ரெண்டு மணிக்கு எந்திரிச்சுப் பாக்கறேன், மாமா குடோன் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து போன்ல பூல் கிராஃபையே பாத்துட்டிருக்கார். கோடு நேரா இருக்கு. "அறுகவே இல்ல மாப்ள"ன்னார். மூணு வாரம் கழிச்சு அந்த மனுஷன் சிரிச்சதே அப்பத்தானாம்.

இதுக்கு மேலதான் எனக்குக் கஷ்டமான பகுதி.

கணக்கை நான் பஸ்ல வரும்போதே போட்டுட்டேன். முதல்லயே சொல்லியிருந்தா "சரி பண்ணத் தெரியாம சாக்கு சொல்றான்"னு நினைச்சிருப்பார். அதனால லைன் நேரானதுக்கு அப்புறம், காலைல, அவரோட பாவுக் கணக்கு நோட்டுல கடைசிப் பக்கத்துல எழுதிக் காட்டினேன். ஒரு எஸ்9 நொடிக்கு சுமாரா 13.5 டெராஹாஷ், கரண்ட் 1.3 கிலோவாட்டுக்கு மேல. அன்னிக்கு உலக நெட்வொர்க் மொத்தம் 350 எக்ஸாஹாஷுக்கு மேல போயிட்டிருந்துச்சு. ஒரு நாளைக்கு புதுசா வர்ற பிட்காயின் சுமார் 900. நம்ம பங்கு ரெண்டு மெஷினுக்கும் சேத்து நாளைக்கு கிட்டத்தட்ட 160 ரூபாய். கரண்ட் நாளைக்கு 63 யூனிட்.

"தறிக்குத்தான் ரெண்டு மாசத்துக்கு 1000 யூனிட் இலவசமாச்சே"ன்னார். 2023 மார்ச்சுலதான் 750-ஐ 1000 ஆக்கியிருந்தாங்க, உண்மைதான். ஆனா 63-ஆல வகுத்தா பதினாறாவது நாள் காலி. அதை விடுங்க, அந்தச் சலுகை தறிக்கு. தறி லைன்ல வேற எதையாவது ஓட்டினா அது மின்சாரச் சட்டத்துல அனுமதியில்லாத பயன்பாடு, பிடிச்சா ரெண்டு மடங்கு கட்டணம் போடுவாங்க. எரியறது மெஷின் மட்டுமில்லை, ஆறு தறியோட சர்வீஸும் சேந்து சிக்கும். வீட்டு லைனுக்கு மாத்தினா 1000 யூனிட்டுக்கு மேல அப்போ யூனிட் 11 ரூபாய். நாளைக்கு ஏறக்குறைய 700 செலவு, 160 வரவு. 2022-லேருந்து 30 சதவீத வரி வேற, அதுல மைனிங் கரண்ட் செலவைக் கழிச்சுக்கவும் முடியாது.

மாமா ரொம்ப நேரம் நோட்டையே பாத்துட்டு இருந்தார். அப்புறம் மெதுவா, "அப்போ லைன் அறுந்து அறுந்து ஓடினதுதான் நமக்கு மிச்சமா மாப்ள?"ன்னார். வேலை வராத நேரம் மெஷின் கரண்டையும் கொஞ்சமாத்தான் இழுக்கும், அதனால ஒரு வகையில ஆமாம். நான் பதில் சொல்லலை. அக்காதான் சிரிச்சுச்சு, அழுகாம இருக்கறதுக்காகச் சிரிக்கிற சிரிப்பு.

அவர் உடனே நிறுத்தலை. என் கணக்கை நம்பாம இல்லை, தறிக்காரர், மீட்டரைப் பாக்காம எதையும் ஒத்துக்க மாட்டார். வீட்டு லைனுக்கு மாத்தி அஞ்சே நாள் ஓட்டி, காலையும் சாயங்காலமும் ரீடிங் எழுதி வெச்சுட்டு, ஆறாம் நாள் அவரே போன் பண்ணினார். "நீ 63 சொன்ன, 65 வருது. கேபிளைப் புடுங்கிட்டேன்." வித்ததுல 31,000 தேறுச்சு. வாங்கின ஆளுகிட்ட முகவரி சமாச்சாரத்தைச் சொல்லி, ஒரு தாள்லயும் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கார். 2024 ஏப்ரல்ல பிளாக் பரிசு 6.25-லேருந்து 3.125 ஆனப்ப வாட்ஸப்ல எனக்கு வந்த முதல் மெசேஜ் அவர்கிட்டேருந்துதான், வெறும் கும்பிடு பொம்மை ரெண்டு. வளையல் அந்தத் தீபாவளிக்குத் திரும்பி வந்துச்சு, நாலுல மூணு.

பி.கு: விர்ச்சுவல் மெஷினைக் காப்பி அடிச்சு ஒரே நெட்வொர்க்ல ரெண்டை எழுப்பறவங்களுக்கும் இதே வியாதி வரும். பிங் சுத்தமா இருந்தும் கனெக்ஷன் அறுந்தா, முதல்ல மேக் முகவரியைப் பாத்துருங்க. வேற மாதிரி விசித்திரமா அறுந்த அனுபவம் இருந்தா பின்னூட்டத்துல அவுத்து விடுங்க மக்களே :-)