இந்தப் பக்கம் அப்பீல்... அந்தப் பக்கம் கோஷம்! காய்ச்சலோடு நின்ற அம்பயர் - மும்பை ஆசாத் மைதானத்தில் ஒரு ஞாயிறு

சென்னையிலிருந்து கிளம்பும் மும்பை மெயிலும், நாகர்கோவிலிலிருந்து மதுரை வழியாக வரும் எக்ஸ்பிரஸும் கடைசியாக வந்து நிற்கும் இடம் சி.எஸ்.எம்.டி. அந்தப் பழைய ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து, எதிரே இருக்கும் மாநகராட்சிக் கட்டடத்தைத் தாண்டினால் ஆசாத் மைதானம். முக்கோண வடிவில் சுமார் 25 ஏக்கர். அதற்குள் 22 கிரிக்கெட் பிட்ச்கள்.

மும்பைக்குச் சுற்றுலா போகிறவர்கள் கேட்வே ஆஃப் இந்தியா பார்ப்பார்கள், மெரைன் டிரைவில் செல்ஃபி எடுப்பார்கள், ஃபேஷன் ஸ்ட்ரீட்டில் பேரம் பேசுவார்கள். அந்தக் கடைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கும் இந்த மைதானத்துக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. மழைக்கால ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அரை மணி நேரம் இங்கே நின்று பாருங்கள். டிக்கெட் கிடையாது. பிட்ச்சைக் குறுக்கே கடக்காமல் நடந்தால் போதும்.

முதலில் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். ஒரு மேட்ச்சின் பவுண்டரிக் கோடு அடுத்த மேட்ச்சின் ஃபீல்டிங் எல்லைக்குள் கிடக்கும். ஒரு டீமின் ஃபைன் லெக் ஃபீல்டர் இன்னொரு டீமின் மிட்-ஆனுக்குப் பக்கத்தில் நிற்பார். எந்தப் பந்து எந்த மேட்ச்சுடையது என்று ஆடுகிறவர்களுக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிடும். 1988-ல் பள்ளிப் பையன்களாக இருந்த சச்சினும் காம்ப்ளியும் ஆட்டமிழக்காமல் 664 ரன் குவித்தது இங்கேதான். 2013-ல் பிருத்வி ஷா 546 அடித்ததும் இங்கேதான். மைதானத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கும் பாம்பே ஜிம்கானாவில்தான் 1933 டிசம்பரில் இந்திய மண்ணின் முதல் டெஸ்ட் போட்டி நடந்தது. இதெல்லாம் எல்லோரும் சொல்லும் கதை. யாரும் சொல்லாத ஒருவர் ஒவ்வொரு மேட்ச்சிலும் நடுவில் வெள்ளைத் தொப்பியோடு நிற்கிறார்.

மழையில் ஒரு லீக்

ஊரெல்லாம் மழைக்குப் பயந்து கிரிக்கெட்டை நிறுத்தும். மும்பையில் மழைக்காகவே ஒரு லீக் இருக்கிறது. 1948-ல் தொடங்கிய டாக்டர் ஹெச்.டி. காங்கா லீக். ஏ-யில் ஆரம்பித்து ஜி வரை டிவிஷன்கள். மேலே ரஞ்சி வீரர்கள். கீழே பேங்க் ஊழியர்களும் கல்லூரிப் பையன்களும், முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு வரும் நாற்பது வயதுக்காரர்களும். சேற்றில் குத்திய பந்து முகத்துக்கு எழும்பும், இல்லையென்றால் தரையோடு உருளும். கவாஸ்கர் காலத்திலிருந்து மும்பை பேட்ஸ்மேன்களின் பொறுமைக்கு இந்தச் சேறுதான் காரணம் என்பார்கள்.

பேட்ஸ்மேன் அவுட்டானால் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்துவிடலாம். அம்பயருக்கு அந்த வசதி இல்லை. கணுக்கால் வரை நனைந்த ஷூவோடு நாள் முழுக்க நிற்க வேண்டும். மும்பையின் மழைக்காலம் என்றால் டெங்கு, மலேரியா, தேங்கிய தண்ணீரில் கால் வைத்தால் வரும் எலிக்காய்ச்சல் எல்லாம் சேர்ந்ததுதான்.

அந்த ஞாயிறு, ஒரு கீழ் டிவிஷன் மேட்ச்சுக்கு வந்த சீனியர் அம்பயருக்கு முந்தைய இரவிலிருந்தே காய்ச்சல். வயது 54. தாராவியில் பிறந்து வளர்ந்த தமிழர். பூர்விகம் திருநெல்வேலிப் பக்கம். வார நாளில் தனியார் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர். காலையில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு, இன்னொன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லோக்கல் ரயில் ஏறியிருந்தார்.

"அண்ணாச்சி, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. இன்னிக்கு லீவு போட்டா என்ன?" என்று கேட்டார், மைதானத்தின் ஓரம் சைக்கிளில் இட்லிப் பாத்திரம் வைத்திருக்கும் வியாபாரி. அவரும் தாராவிதான். மும்பைத் தெருக்களில் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் இட்லிக்காரர்களில் நிறைய பேர் நம்மூர்க்காரர்கள்.

"போட்டா அந்தத் தம்பி தனியா மாட்டிக்கிடுவான்ல" என்றார் அம்பயர்.

'அந்தத் தம்பி' என்றது, உடன் நின்ற ஜூனியர் அம்பயரை. தேர்வு எழுதிப் பாஸ் பண்ணி வந்த பையன். அவனுக்கு இது முதல் சீஸன்.

அம்பயர் சொன்னதில் சட்டமும் இருக்கிறது. கிரிக்கெட்டின் 2-வது விதி, மேட்ச்சின் நடுவே அம்பயரை மாற்றக் கூடாது என்கிறது. காயம், உடல்நலக் குறைவு போன்ற காரணம் இருந்தால் மாற்றலாம். ஆனால், புதிதாக வருபவர் பேட்ஸ்மேன் பக்கம், அதாவது ஸ்கொயர் லெக்கில் மட்டும்தான் நிற்கலாம். இரண்டு கேப்டன்களும் சம்மதித்தால்தான் அவருக்கு முழுப் பொறுப்பு. ஆக, சீனியர் கிளம்பிப் போனால், எல்.பி.டபிள்யூ முதல் கீப்பர் கேட்ச் வரை இரண்டு பக்கத் தீர்ப்பும் அந்த முதல் சீஸன் பையன் தலையில். இந்தக் கணக்கையெல்லாம் போட்டுவிட்டுத்தான் அவர் நின்றார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம்

ஆசாத் மைதானத்துக்கு இன்னொரு முகம் உண்டு. மும்பையில் யார் போராடினாலும் போலீஸ் கைகாட்டும் இடம் இதன் ஒரு மூலை. ஒரு காலத்தில் ஊர்வலங்கள் தலைமைச் செயலகம் இருக்கும் பகுதி வரை போகும். அங்கே குடியிருப்பவர்கள் கோர்ட்டுக்குப் போன பிறகு, போராட்டங்கள் இந்த மூலைக்குள் ஒதுக்கப்பட்டன.

2018 மார்ச்சில் நாசிக்கிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர் நடந்து வந்த விவசாயிகள், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு டிராஃபிக்கால் இடைஞ்சல் வரக் கூடாது என்று, கடைசித் தூரத்தை இரவோடு இரவாக நடந்து விடியற்காலையில் வந்து உட்கார்ந்தது இங்கேதான். வேளாண் சட்டங்களை எதிர்த்து 2021 ஜனவரியில் இன்னொரு கூட்டம். அரசு பஸ் ஊழியர்கள் மாதக்கணக்கில். 2025 ஆகஸ்ட் இறுதியில் மராத்தா இட ஒதுக்கீட்டுக்காக வந்த கூட்டத்தில், சி.எஸ்.எம்.டி. சுற்றுவட்டாரமே ஸ்தம்பித்தது. இதே மைதானத்தில்தான் 2024 டிசம்பர் 5 அன்று பிரதமர் முன்னிலையில் மகாராஷ்டிராவின் புதிய அரசும் பதவியேற்றது. பதவியேற்கிறவர்களுக்கும் அவர்களிடம் கேட்க வருகிறவர்களுக்கும் ஒரே முகவரி!

அந்த ஞாயிறு தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள், மானியம் இல்லாத பள்ளிகளின் ஆசிரியர்கள். தலைக்கு மேல் நீல பிளாஸ்டிக் ஷீட். அதில் தேங்கும் தண்ணீரை ஒருவர் குச்சியால் தள்ளிவிட, இன்னொருவர் மைக்கில் பேசிக்கொண்டே இருந்தார். ஞாயிறு என்பதால் கேட்டுக்கொள்ள அதிகாரிகள் யாரும் இல்லை. ஆனாலும் மைக் ஓயவில்லை.

"எப்பவும் இப்படித்தானா?" என்று இட்லிக்காரரைக் கேட்டால் சிரிக்கிறார். "ஆள் மாறும், கட்சிக்கொடி மாறும், பிளாஸ்டிக் ஷீட் மட்டும் அதேதான்!"

அம்பயர் டிவியில் செய்தி பார்ப்பதை நிறுத்திப் பல மாதம் ஆகிறது. டெல்லிச் செய்தியைப் போட்டால் வீட்டில் சண்டை. மகன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பொங்கல் வாழ்த்துகூட அரசியலாக முடிகிறது. மகாராஷ்டிராவில் 2022 ஜூனில் சிவசேனா உடைந்தது, 2023 ஜூலையில் தேசியவாத காங்கிரஸ் உடைந்தது. "நான் யாருக்கு ஓட்டுப் போட்டேனோ, அவர் இப்போ எந்தப் பக்கம்னு கேட்டா எனக்கே யோசிக்கணும். எங்க மேட்ச்ல பாதியில டீம் மாற முடியுமா?" என்றார். கட்சிப் பெயர் எதையும் அவர் சொல்லவில்லை. தொப்பி போட்டிருக்கும்போது சொல்வதில்லையாம்.

ஏழாவது பந்து

மதியத்துக்கு மேல் மாத்திரையின் வேகம் குறைந்தது. ஓவர் எண்ணுவதற்கு அவர் கவுன்ட்டர் வைத்துக்கொள்வதில்லை. ஆறு ஒரு ரூபாய் நாணயங்கள். ஒவ்வொரு பந்துக்கும் ஒன்றாக இடப்பக்கப் பையிலிருந்து வலப்பக்கப் பைக்குப் போகும். விரல் நடுக்கத்தில் ஒரு நாணயம் மாறவில்லை. பவுலர் ஏழாவது பந்து போட்டார். பேட்ஸ்மேன் அதை பவுண்டரிக்கு அனுப்பினார்.

இதற்கும் விதி இருக்கிறது. அம்பயர் தப்பாக எண்ணினாலும், அவர் எண்ணியதே கணக்கு. அந்த நான்கு ரன்னும் செல்லும். ஸ்கோரர் மேஜையிலிருந்து முணுமுணுப்பு வந்தது. அவ்வளவுதான்.

அடுத்த விஷயம் அப்படிப் போகவில்லை. இரண்டு ஓவர் கழித்து, பேட்டைத் தொட்டும் தொடாமலும் ஒரு பந்து கீப்பர் கைக்குப் போனது. டீமே எழுந்து கத்தியது. இந்த மைதானத்தில் ஸ்டம்ப் மைக் இல்லை, ரீப்ளே இல்லை. மெல்லிய எட்ஜுக்கு அம்பயரின் காதுதான் எல்லாம். அந்த நொடியில் ஆசிரியர்கள் பக்கம் ஒரு கோஷம் உச்சத்தில் இருந்தது. காய்ச்சலில் அவருக்குக் காதும் அடைத்திருந்தது. ஸ்கொயர் லெக்கில் நின்ற பையனைப் பார்த்தார். அவனும் உதட்டைப் பிதுக்கினான்.

நாட் அவுட்.

பவுலர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டார். பேட்ஸ்மேன் குனிந்து ஷூவில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தார். தொட்டதா இல்லையா என்பது அவருக்குத் தெரியும்.

பாரபட்சம் இல்லாத அம்பயர் என்பது கிரிக்கெட்டில் லேசாக வந்துவிட்ட விஷயம் இல்லை. ஒரு காலத்தில் எந்த நாட்டில் டெஸ்ட் நடக்கிறதோ அந்த நாட்டு அம்பயர்கள்தான் நிற்பார்கள். தோற்றவர்கள் அவர்களைத் திட்டிக்கொண்டே விமானம் ஏறுவார்கள். 1986 நவம்பரில் லாகூரில் பாகிஸ்தானும் வெஸ்ட் இண்டீஸும் மோதியபோது, இரண்டு அணிக்கும் சொந்தமில்லாத அம்பயர்கள் வேண்டும் என்று கூப்பிடப்பட்டவர்கள் இரண்டு இந்தியர்கள். ஒருவர் வி.கே. ராமசாமி, இன்னொருவர் மும்பையின் பிலூ ரிப்போர்ட்டர். மின்வாரியத்தில் வேலை பார்த்தவர் ரிப்போர்ட்டர். இந்தியாவும் பாகிஸ்தானும் எதற்கும் ஒத்துப்போகாத உறவில், அந்த இரண்டு பேரின் விரலை மட்டும் அந்த ஊர் நம்பியது.

டீ இடைவேளையில் அம்பயர் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டார். மராத்தியும் இந்தியும் கலந்து சொன்னார்: "எனக்கு ஜுரம் நூற்றிரண்டுக்கு மேல இருக்கும். காது சரியா கேக்கலை. அந்த ஏழு பால் ஓவர் என் தப்பு. எட்ஜ் எனக்குக் கேக்கலை, அதனால கொடுக்கலை. மாற்று ஆள் வேணும்னா இப்பவே சொல்லுங்க, நான் ஒதுங்கிக்கறேன்."

பேட்டிங் டீமின் கேப்டன் தரையைப் பார்த்தார். அவருக்கு நட்டமில்லை. பதில் சொல்ல வேண்டியது ஃபீல்டிங் கேப்டன்தான். விக்கெட்டை இழந்தது அவர் டீம். முப்பது வயதுக்காரர். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் மைக் கைமாறி, ஒரு பெண் குரல் பேச ஆரம்பித்திருந்தது.

"நீங்களே நில்லுங்க சார். கேக்கலைன்னு நீங்களா சொல்லிட்டீங்க, அது போதும்" என்றார். பிறகு தன் பவுலர்களிடம் திரும்பி, "இனிமே எல்லாரும் சத்தமா அப்பீல் பண்ணுங்கடா" என்றார். கிரிக்கெட்டில் அப்பீல் செய்யாமல் அம்பயர் அவுட் கொடுக்க முடியாது, அதுவும் விதிதான். ஜூனியர் பையன் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டான். ஸ்கொயர் லெக்கில் நிற்கும் ஓவர்களிலாவது உட்காரட்டும் என்று. அவர் உட்காரவில்லை. ஒரு கையை மட்டும் அதன் முதுகில் ஊன்றிக்கொண்டார்.

மாலையில் மேட்ச் முடிந்தது. அந்த நாட் அவுட் பேட்ஸ்மேன் அதற்குப் பிறகு எடுத்தது ஒன்பது ரன். ஃபீல்டிங் டீம் தோற்றது. கை குலுக்கும் வரிசையில், சேற்றில் உட்கார்ந்த பவுலர் மட்டும் அம்பயர் கையைத் தொட்டுவிட்டு முகம் பார்க்காமல் போனார். அவருக்கு அந்த விக்கெட் போனது போனதுதான்.

இட்லி தீர்ந்துவிட்டிருந்தது. வியாபாரி பாத்திரத்தைக் கட்டிக்கொண்டே, "நாளைக்காவது டாக்டர்ட்ட போவீயளா?" என்று கேட்டார். அம்பயர் தலையாட்டினார். மூன்று நாளாகக் காய்ச்சல் விடாவிட்டால் டெங்குவுக்கு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும் என்று மும்பையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஜூனியர் பையன் ஸ்டம்ப்புகளைப் பிடுங்கி மூட்டை கட்டினான். தடுப்புக்கு அந்தப் பக்கம் நீல ஷீட்டுக்குக் கீழே யாரோ டார்ச் அடித்துப் படுக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். சி.எஸ்.எம்.டி. நோக்கி நடந்த அம்பயரின் போன் அடித்தது. அடுத்த ஞாயிறு எந்த மைதானம் என்று கேட்டு வந்த அழைப்பு. "பிளட் டெஸ்ட் பார்த்துட்டு செவ்வாய்க்கிழமை சொல்றேன். என் பேரைப் போடுறதா இருந்தா, இந்தத் தம்பி கூடவே போடுங்க" என்றார்.