சூடானா நிக்குது: ஒரு அம்பாசிடரின் கேஸ் ஷீட்



இன்னைக்கு சுகர், பிரஷர் எதுவும் இல்லை. பேஷன்ட்டுக்கு வயது நாற்பதுக்கு மேல். பெயர் அம்பாசிடர். 1984 மாடல், மார்க் 4, பெட்ரோல். ஊர் ராஜபாளையம்.

பழைய வண்டி வச்சிருக்கவங்களுக்கு இந்த இழை நேரடியாக உதவும். வண்டியே இல்லாதவங்களும் படிக்கலாம். நோயைக் கண்டுபிடிக்கிற வழி உடம்புக்கும் எஞ்சினுக்கும் ஒண்ணுதான்.

முதலில் பேஷன்ட் பற்றி. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 காரை அடிப்படையாக வைத்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்தது. 1950களின் கடைசியில் தொடங்கி 2014 மே வரை வந்துகொண்டிருந்தது. அப்பாவின் வண்டியில் இருப்பது 1489 சிசி, நாலு சிலிண்டர் எஞ்சின். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. ஸ்கேனர் மாட்டினால் கோளாறைச் சொல்கிற வண்டி கிடையாது. நாம்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

இனி நோய்க்கு வருவோம்.

காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். ஊருக்குள்ளே பஞ்சு மார்க்கெட், ஜவஹர் மைதானம் என்று சுத்தினால் பிரச்சினையே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கிளம்பினால், மொத்தமே பன்னிரண்டு கிலோமீட்டர்தான், மடவார் வளாகம் பக்கம் போகும்போது நின்னுடும். அரை மணி நேரம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். அங்கே இருப்பது வைத்தியநாத சுவாமி கோயில். "டாக்டரைப் பாக்கணும்னு அதுக்கே தெரியுதுடா" என்று அப்பா சிரிப்பார்.

மே மாதம் ஒருநாள் அந்தச் சிரிப்பு போச்சு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அத்தையைக் கண் பரிசோதனைக்கு ராஜபாளையம் கூட்டிவந்தார். மதியம் ஒரு மணி. நடுவழியில், நிழலே இல்லாத இடத்தில் வண்டி நின்றது. அத்தைக்கு வயது 82. சிறுநீரை அதிகமாக்கி பிரஷரைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். அந்த வெயிலில் இருபது நிமிடத்தில் தலைசுற்றி சாய்ந்துவிட்டார். யாரோ ஒரு ஆட்டோக்காரர் ஏற்றிவந்து சேர்த்தார்.

அன்று இரவே வீட்டில் "வண்டியைத் தள்ளிவிடலாம்" என்ற பேச்சு வந்தது. அப்பாவுக்கு 79. இந்த வண்டி போனால் அவர் இன்னொரு வண்டியைத் தொடப்போவதில்லை. வாரம் ரெண்டு தடவை அக்காவைப் பார்க்கப் போவதும் நிற்கும். வெளியே போவதை நிறுத்திய பெரியவர்களுக்கு அடுத்தடுத்து என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தினமும் பார்க்கிறேன்.

அதுவரை நடந்த வைத்தியம் என்ன? ஒரு ஒர்க்‌ஷாப்பில் முதலில் பெட்ரோல் பம்பை மாத்தினார்கள். அடுத்து கார்புரேட்டர் கிட். அதுக்கடுத்து காயில். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னார்கள். எதற்கும் டெஸ்ட் செய்யவில்லை. காய்ச்சல் என்றதும் வரிசையாக மூணு ஆன்டிபயாடிக் கொடுத்த கதைதான்.

கடைசியாக ஸ்ரீவில்லிபுத்தூரில் எழுபது வயது மெக்கானிக் அண்ணாச்சி ஒருவரிடம் போனோம். அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி:

"அய்யா, வண்டி திக்கித் திணறி சாகுதா, இல்ல சுவிட்ச்சை அணைச்ச மாதிரி பட்டுனு சாகுதா?"

இந்தக் கேள்விதான் பாதி டயக்னாசிஸ். பெட்ரோல் கிடைக்காவிட்டால் எஞ்சின் பெரும்பாலும் இழுத்து இழுத்து, குலுங்கித்தான் அணையும். கரண்ட் போனால் பட்டென்று அணையும். "பட்டுனுதான்" என்றார் அப்பா. மூணு பார்ட் மாத்தியவர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை.

அடுத்து அண்ணாச்சி சொன்னது: "நல்லா இருக்கும்போது பாத்து பிரயோஜனம் இல்ல தம்பி. ஓட்டி நிக்க வைப்போம்."

எனக்கு ஹோல்டர் ஞாபகம் வந்தது. அவ்வப்போது படபடப்பு வருகிறவருக்கு, அது இல்லாத நேரத்தில் ஈசிஜி எடுத்தால் நார்மலாகத்தான் இருக்கும். அதனால்தான் 24 மணி நேரம் கருவியை மாட்டி அனுப்புகிறோம்.

வண்டி சூடாகும்வரை அண்ணாச்சி நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டார். டேப்பெட் சத்தம் பரவாயில்லை என்றார். 1816இல் பாரிஸில் ரெனே லென்னக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதுதான் ஸ்டெதஸ்கோப்பின் ஆரம்பம். தத்துவம் ஒண்ணுதான்.

ரோட்டில் வண்டி நின்றது. இப்போது அவர் செய்த வரிசையைக் கவனிங்க.

1. பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி. சூட்டில் பெட்ரோல் ஆவியாகி குழாயை அடைப்பதுதான் வேப்பர் லாக். பம்ப் குளிர்ந்தால் சரியாகும். என் பையில் இருந்த சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியை நனைத்துப் போட்டோம். பலனில்லை. சும்மா அரை மணி நேரம் காத்திருந்தால் பம்ப், காயில் எல்லாமே ஆறிவிடும், குற்றவாளி யார் என்றே தெரியாது. ஒன்றை மட்டும் குளிர வைப்பதுதான் டெஸ்ட்.

2. ஏர் கிளீனரைக் கழற்றி ஆக்சிலரேட்டரை இழுத்தார். கார்புரேட்டர் வாய்க்குள் பெட்ரோல் பீய்ச்சியது. அப்போ பெட்ரோல் இருக்கு.

3. ஏர் கிளீனரை மூடிவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரின் நடு ஒயரை இன்சுலேஷன் உள்ள கட்டிங் பிளேயரில் பிடித்து, எஞ்சின் இரும்புக்குப் பக்கத்தில் காட்டி செல்ஃப் அடிக்கச் சொன்னார். வரவேண்டியது பளிச்சென்ற நீலப் பொறி. வந்தது சோகையான ஆரஞ்சு. (பெட்ரோல் சிந்தியிருக்கும் இடத்தில் இதைச் செய்யவே கூடாது.)

4. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் பாயிண்ட் கருகியிருந்தது. "கண்டன்சர்" என்றார்.

பாயிண்ட் திறக்கும் நொடியில் அங்கே பொறி தாவாமல் தடுப்பது கண்டன்சர். அப்போதுதான் காயிலில் முழு வோல்டேஜ் உண்டாகும். உள்ளே இருக்கும் இன்சுலேஷன் பழசானால், ஆறியிருக்கும்போது வேலை செய்யும், சூடானால் கைவிடும். பிளக்குக்குப் போகவேண்டிய சக்தி பாயிண்டிலேயே எரிந்துபோகும். விரல் நுனி அளவு பொருள். சில நூறு ரூபாயில் முடிந்தது.

புது பாயிண்டும் கண்டன்சரும் போட்டு, இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வைத்தார். வண்டி ராஜபாளையம் போய்த் திரும்பியது, நிற்கவில்லை. அத்தோடு அவர் விடவில்லை. பழைய கண்டன்சரை மட்டும் திரும்ப மாட்டி ஓட்டினார். நின்றது! புதுசை மாட்டினார். ஓடியது. மருந்து ஒவ்வாமையில் நாங்கள் ரீ-சேலஞ்ச் என்போம். மனுஷனுக்குச் செய்ய ஆயிரம் தடவை யோசிப்போம். எஞ்சினுக்குத் தாராளமாகச் செய்யலாம்.

ஆனால் முக்கியமான விஷயம் இனிமேல்தான். வண்டியைத் தூக்கி அடியில் பார்த்தவர் முன்சக்கர பிரேக் ஹோஸைக் காட்டினார். வெடித்து, ஒரு இடத்தில் புடைத்திருந்தது. பிரேக் ஆயில் கறுப்பு. பழைய வண்டிகள் பலவற்றில் நாலு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட். ஒரு ஹோஸ் வெடித்தால் பெடல் தரையில் போய் முட்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் ஏறியபின் இந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும்.

நாங்கள் கொண்டுபோன நோய் வண்டியை நிறுத்துகிற நோய். அவர் கண்டுபிடித்தது வண்டி நிற்காமல் போகிற நோய். எது ஆளைக் கொல்லும் என்று சொல்லத் தேவையில்லை. முதுகுவலி என்று வருகிறவருக்கு பிரஷர் பார்ப்பது இதுக்குத்தான்.

ஆகவே சொந்தங்களே,

பழைய வண்டி வச்சிருந்தா பிரேக் ஆயிலை ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்துங்க. ரப்பர் ஹோஸ்களைக் கையால் தடவிப் பாருங்க. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கு. அந்தக் காலத்து ரப்பர் குழாய், பம்ப் டயாபிரம் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் வாடை வந்தால் அன்றே பாருங்க.

மெக்கானிக்கிடம் "என்ன மாத்தணும்?" என்று கேட்காதீங்க. "எதை வச்சு இதுதான்னு சொல்றீங்க?" என்று கேளுங்க. என்னிடமும் அதையே கேளுங்க. பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

அப்பா இப்போதும் வாரம் ரெண்டு தடவை அக்கா வீட்டுக்குப் போகிறார். வெயில் ஏறுமுன் காலை ஏழு மணிக்கு. அது மட்டும் டாக்டர் உத்தரவு.