கொரியன் வெஜிடபிள் அடை: மொறுமொறுப்பு யாருக்கு?

ஆங்கிலத்தில் 'பேன்கேக்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் தேன் ஊற்றிய, பஞ்சு மாதிரி உப்பிய இனிப்புப் பண்டம்தான் கண்முன் வரும். கொரியாக்காரர்களின் 'ஜொன்' அந்த ரகமே இல்லை. உப்பு, காரம், எண்ணெய் வாசம், ஓரமெல்லாம் முறுகல். தூரத்துச் சொந்தம் யார் என்று தேடினால் அடையைத்தான் காட்ட வேண்டும்.

ஜொன் என்பது ஒரு பண்டத்தின் பெயர் இல்லை, ஒரு குடும்பத்தின் பெயர். கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தட்டையாகச் சுட்டு எடுத்தால் அது ஜொன். வெங்காயத்தாளைப் போட்டால் பாஜொன் ('பா' என்றால் வெங்காயத்தாள்). புளித்த கிம்ச்சியை நறுக்கிப் போட்டால் கிம்ச்சிஜொன். கையில் கிடைத்த காய்களையெல்லாம் போட்டால் யாச்சேஜொன். ஊருக்கு ஊர் பெருமையும் உண்டு. பூசான் நகரத்தின் தொங்னே பகுதி பாஜொன்னுக்குப் பேர் போனது. மலைப்பாங்கான கங்வொன் மாகாணத்தில் உருளைக்கிழங்கைத் துருவி, வடிகிற தண்ணீரின் அடியில் படியும் மாவையும் சேர்த்துச் சுடுவார்கள், அது கம்ஜாஜொன். தென்கிழக்கே கியொங்சாங் பக்கம் முழுக் கோஸ் இலையை மாவில் தோய்த்து அப்படியே கல்லில் போட்டுவிடுவார்கள். சியோலின் குவாங்ஜாங் மார்க்கெட்டில் ஊறவைத்த பாசிப்பருப்பைக் கண்முன்னே கல் எந்திரத்தில் அரைத்துச் சுட்டுத் தருவது பின்டேத்தொக். அதைப் பார்க்கிற எந்தத் தமிழருக்கும் "அட, இது அடையேதான்!" என்று தோன்றாமல் இருக்காது.

மழைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கொரியாவில் மழை பெய்தால் ஜொன் என்பது எழுதப்படாத சட்டம். கூடவே மக்கொல்லி என்கிற கலங்கலான அரிசிக் கள். மாவு எண்ணெயில் விழும்போது எழுகிற 'சொர்ர்ர்' சத்தம் மழைச் சத்தம் மாதிரியே இருப்பதால்தான் அந்த ஆசை வருகிறது என்று சொல்வார்கள். மழை நாளில் வயல் வேலை இல்லை, வீட்டில் இருப்பதை வைத்துச் சுட்டார்கள் என்றும் சொல்வார்கள். சியோலில் ஹ்வேகி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 'பாஜொன் சந்து' என்றே ஒரு சந்து இருக்கிறது. சுற்றுவட்டாரப் பல்கலைக்கழக மாணவர்களை நம்பி வளர்ந்த சந்து. பர்ஸில் காசு குறைவாக இருக்கும்போது நாலு பேர் பங்கு போட ஒரு பெரிய ஜொன்!

ஆனால் இந்த மலிவு பிற்பாடு வந்தது. கொரியாவில் கோதுமை பெரிதாக விளைவதில்லை. பழைய காலத்தில் கோதுமை மாவு விசேஷங்களுக்கு மட்டும் எடுக்கிற அருமையான பொருள். 1950-53 போருக்குப் பிறகுதான் நிலைமை மாறியது. அமெரிக்கா தன் உபரி தானியத்தை வெளிநாடுகளுக்குக் கொடுக்க 1954இல் ஒரு சட்டம் போட்டது. பி.எல்.480 என்றால் இந்தியப் பொருளாதாரம் படித்தவர்களுக்கும் ஞாபகம் வரும், அதேதான். அந்தக் கோதுமை கப்பல் கப்பலாகத் தென்கொரியாவில் இறங்கியது. 1960களிலும் 70களிலும் அரிசியை மிச்சம் பிடிக்க "மாவுப் பண்டம் சாப்பிடுங்கள்" என்று அரசாங்கமே பிரசாரம் செய்தது. 1960களின் நடுவிலிருந்து 1977 வரை மக்கொல்லியைக்கூட அரிசியில் காய்ச்சத் தடை, கோதுமையில்தான் காய்ச்ச வேண்டும். ஆக, மழைநாள் ஜோடி இரண்டுமே கொஞ்ச காலம் கோதுமையால் ஆனவை!

சரி, மொறுமொறுப்புக்கு வருவோம்

முதல் தடவை வீட்டில் செய்கிற பலருக்கும் ஒரே முடிவுதான் கிடைக்கும்: நடுவில் கொழகொழ, ஓரத்தில் ரப்பர். காரணம் ரொம்ப எளிது. ஜொன்னின் எதிரி தண்ணீர். கல்லில் விழுந்த மாவில் ஈரம் இருக்கிற வரைக்கும் அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, வேகும், அவ்வளவுதான். மேல்பரப்பின் ஈரம் ஆவியாகப் போன பிறகுதான் சூடு ஏறி, நிறம் மாறி, முறுகும். எனவே செய்ய வேண்டியதெல்லாம் ஈரத்தைக் குறைப்பதும், அது சீக்கிரம் வெளியேற வழி விடுவதும்தான்.

இன்னொரு எதிரி குளூட்டன். மைதாவில் தண்ணீர் விட்டுக் கலக்கக் கலக்க இழுவை வரும் இல்லையா, அதுதான். பரோட்டாவுக்கு அது வேண்டும், ஜொன்னுக்கு வேண்டாம். அதனால் ஐஸ் தண்ணீர் விட்டு, பத்துப் பன்னிரண்டு சுற்றோடு நிறுத்திவிட வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் குளூட்டன் மெதுவாகத்தான் உருவாகும். அங்கங்கே மாவுக் கட்டி தெரிந்தால் தெரியட்டும். கூடவே சோளமாவு அல்லது உருளைக்கிழங்கு ஸ்டார்ச் சேர்த்தால் இழுவை இன்னும் குறையும், முறுகல் கண்ணாடி மாதிரி உடையும். கொரியக் கடைகளில் கிடைக்கும் 'புச்சிம்கரு' பாக்கெட்டின் ரகசியமும் ஏறத்தாழ இதுதான்: மைதா, ஸ்டார்ச், உப்பு, கொஞ்சம் பூண்டு வெங்காயப் பொடி.

இரண்டு நடுத்தர ஜொன்னுக்கு அளவு:

1. மைதா 1 கப், சோளமாவு கால் கப், உப்பு அரை டீஸ்பூன், ஐஸ் தண்ணீர் 1 கப். மாவு இட்லி மாவைவிடத் தளர்வாக, ரவா தோசை மாவைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும்.

2. வெங்காயத்தாள் ஒரு கட்டு, ஒரு கேரட், ஒரு சின்ன வெங்காயம் அல்லது பெரிய வெங்காயத்தில் பாதி, இரண்டு பச்சை மிளகாய். எல்லாம் தீக்குச்சி கனத்தில் நீளநீளமாக. மொத்தம் நாலு கப் வரலாம். காய் நிறைய, மாவு கொஞ்சம். காய்களை ஒட்ட வைக்கிற பசைதான் மாவு. இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதி ஜெயித்த மாதிரி.

3. காயை மாவில் கலப்பது கல் சூடான பிறகுதான். முன்கூட்டியே கலந்து வைத்தால் உப்பு காயிலிருந்து தண்ணீரை இழுத்துவிடும், மாவு நீர்த்துவிடும்.

4. எண்ணெயில் கஞ்சத்தனம் ஆகாது. ஒரு ஜொன்னுக்கு மூன்று டேபிள்ஸ்பூன். ஒரு துளி மாவு விட்டால் உடனே சத்தம் போட வேண்டும். பிறகு மெல்லியதாகப் பரப்புங்கள், காய் ஒரே அடுக்காக இருக்கட்டும்.

5. முதல் பக்கம் நாலு நிமிடம் தொடவே வேண்டாம். ஓரம் பொன்னிறமாகி, கடாயை ஆட்டினால் ஜொன் தானாக வழுக்கும்போது திருப்புங்கள். ஓரத்தைச் சுற்றி இன்னொரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, லேசாக அழுத்தி, மூன்று நிமிடம். மூடி போட்டால் ஆவி உள்ளேயே நிற்கும், எல்லா உழைப்பும் வீண்.

6. தட்டையான தட்டில் வைக்காதீர்கள், அடியில் ஆவி தங்கி நனைந்துவிடும். கொரியாவில் இதற்கென்றே மூங்கில் தட்டு வைத்திருப்பார்கள். கம்பி வலை இருந்தாலும் போதும்.

முட்டை? வேண்டாம், அது மென்மையைத்தான் கொடுக்கும். தொட்டுக்கொள்ள சோயா சாஸ் இரண்டு பங்கு, வினிகர் ஒரு பங்கு, மிளகாய்த்தூள், எள். முடிந்தது.

முடிந்ததா? இல்லை

இவ்வளவையும் சரியாகச் செய்தாலும் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. அந்த முறுகலுக்கு ஆயுசு பத்து நிமிடம்கூட இல்லை. உள்ளே இருக்கும் காயின் ஈரம் மெல்ல வெளியே வந்து மேல்தோலை நனைத்துவிடும். அதை எந்த மாவும் தடுக்க முடியாது, தள்ளிப்போடத்தான் முடியும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு அடுப்பு, ஒரு கடாய், நாலு பேர். ஒரு ஜொன்னுக்கு ஏழெட்டு நிமிடம். முதலாவது மேஜைக்குப் போகிறது, பிய்த்துப் பிய்த்துக் காலி. இரண்டாவது, மூன்றாவது, அதே கதை. கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருகிறவருக்கு மிச்சம் இருப்பது ஆறிப்போன நடுத்துண்டு. மொறுமொறுப்பாகச் செய்யத் தெரிந்த ஒரே ஆள், மொறுமொறுப்பாகச் சாப்பிடாத ஒரே ஆள். தோசை சுடும் வீடுகளில் இது யார் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கொரியாவில் இந்தக் கதை வருஷத்துக்கு இரண்டு தடவை பெரிய அளவில் நடக்கும். சந்திரப் புத்தாண்டு ஒன்று, எட்டாம் சந்திர மாதப் பௌர்ணமியில் வரும் 'சுசொக்' அறுவடைத் திருநாள் இன்னொன்று. இரண்டிலும் முன்னோருக்குப் படையல் உண்டு. அந்தப் படையலுக்கு மீன் துண்டு, வில்லை வில்லையாக நறுக்கிய பூசணிப் பிஞ்சு, கறி உருண்டை, குச்சியில் கோத்த காய்கள் என்று வகைவகையாக ஜொன். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக மாவில் புரட்டி, முட்டையில் தோய்த்து, கல்லில் போட்டு, திருப்பி எடுக்க வேண்டும். தரையில் செய்தித்தாளை விரித்து, மின்சாரக் கல்லை நடுவில் வைத்து, மணிக்கணக்காக உட்கார்ந்து சுடுவது வழக்கமாக அந்த வீட்டு மருமகள்கள். முன்னோர் கணவரின் முன்னோர், சுடுகிற கை வேறு வீட்டிலிருந்து வந்த கை. முதுகு வலி, கை வலி, தலைமுடியெல்லாம் எண்ணெய் வாடை, மனக்கசப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொரிய மொழியில் 'பண்டிகை நோய்' என்று ஒரு சொல்லே இருக்கிறது. மலைபோல் சுட்டதில் மீந்தது மறுநாள் காரக் குழம்பில் கொதித்து 'ஜொன் குழம்பு' ஆகிவிடும். (அது நல்ல ருசி என்பது வேறு விஷயம்.)

இதில் ஒரு வேடிக்கை 2022இல் நடந்தது. சியோலில் 1398இல் தொடங்கப்பட்ட கன்ஃபூசியக் கல்விக்கூடம் சொங்கியுன்குவான். இன்று சடங்கு சம்பிரதாயம் பற்றிக் கேட்டால் கடைசி வார்த்தை சொல்லக்கூடிய இடம். அந்த வருஷம் சுசொக்குக்குச் சில நாள் முன்னால், செப்டம்பரில், அந்த அமைப்பு ஒரு அறிவிப்பு வெளியிட்டது: படையலில் ஒன்பது வகை வரை இருந்தால் போதும், எண்ணெயில் சுட்டதும் பொரித்ததும் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. அதற்கு ஆதாரமாகக் காட்டியது புது ஆராய்ச்சி எதையும் இல்லை. கிம் ஜாங்-செங் (1548-1631) என்கிற பழைய அறிஞரின் எழுத்தை! எண்ணெய்ப் பண்டங்களைப் படைப்பது முறையல்ல என்று அவர் அப்போதே எழுதி வைத்துவிட்டார். 'சம்பிரதாயம்' என்று சொல்லித் தலைமுறை தலைமுறையாகப் பெண்களைக் கல்லின் முன்னால் உட்கார வைத்த விஷயம், சம்பிரதாயத்தின் புத்தகத்தில் இல்லவே இல்லை. என்ன கொடுமை இது!

காஸ்ட் ஷீட் போடப் பழகியவர்கள் வீட்டு ஜொன்னுக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். மூலப்பொருள்: மாவு, காய், எண்ணெய். எரிவாயு: சில ரூபாய். நேரடிக் கூலி: அந்த வரி காலி. அதனால்தான் "வீட்டில் செய்தால் எவ்வளவு மலிவு!" என்று சந்தோஷப்பட முடிகிறது. அதே பாஜொன்னை ஹ்வேகி சந்தில் ஒரு அம்மா சுட்டு விற்றால் நாட்டின் ஜிடிபியில் ஏறும், வீட்டில் சுட்டால் ஏறாது. இந்தக் காலி வரியைத் தென்கொரியாவின் புள்ளியியல் துறை 2018இல் நிரப்பிப் பார்த்தது. 2014ஆம் ஆண்டில் சம்பளமில்லாத வீட்டு வேலையின் மதிப்பு ஜிடிபியில் ஏறக்குறைய கால் பங்குக்குச் சமம் என்று வந்தது. அதில் சுமார் முக்கால் பங்கு பெண்கள் செய்தது. ஜொன் சுட்ட நேரமும் அதில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும்.

இதற்காக ஜொன் சுடுவதையே விட்டுவிட வேண்டியதில்லை. மழை நாளில் ஆசைக்குச் சுடுகிற இரண்டு ஜொன்னும், கட்டாயத்துக்குச் சுடுகிற இருநூறு துண்டும் ஒன்றில்லை. முதலாவது விளையாட்டு, இரண்டாவது வேலை. விளையாட்டு வேலையாக மாறாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது: அடுப்பைச் சாப்பிடுகிற இடத்துக்கே கொண்டுவருவது. கையடக்க கேஸ் அடுப்பையோ மின்சாரக் கல்லையோ மேஜை நடுவில் வைத்துச் சமைத்தபடியே சாப்பிடுவது கொரிய வீடுகளுக்குப் புதிதில்லை. கறி அப்படித்தான் சுடுகிறார்கள். ஜொன்னுக்கும் அது பொருந்தும். இன்டக்ஷன் அடுப்பு இருந்தால் இங்கேயும் பிரச்சினை இல்லை. கல்லிலிருந்து நேராக வாய்க்கு, நடுவில் ஆறுவதற்கு நேரமே கிடையாது.

அப்படி வைக்க இடம் இல்லை என்றால் ஆளை மாற்றுங்கள். ஆளுக்கு ஒரு ஜொன். முதலாவதைச் சுட்டவர் இரண்டாவது வரும்போது உட்கார்ந்திருக்க வேண்டும், அதன் ஓரத்தை முதலில் பிய்ப்பதும் அவராகத்தான் இருக்க வேண்டும். "எனக்குச் சுடத் தெரியாதே" என்று யாராவது நழுவினால், அளவெல்லாம் மேலே இருக்கிறது, காட்டுங்கள் :-)